ஏறியவர்கள் மூன்று பேர்

கால்களைப் பார்த்துத்தான் அவள் மனிதர்களை எண்ணுவாள். இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் ஒரு நாளாவது படகுத்துறைப் பலகையின் அடியில் நின்று, இருநூறு பேர் முண்டியடித்துக்கொண்டு இறங்குவதை எண்ணிப் பார்க்க வேண்டும். முகத்தைப் பார்த்தால் தொலைந்தது. ஒரு முகம் சிரிக்கும், இன்னொன்று "என்னக்கா, இளைச்சுட்டீங்க" என்று பொய் சொல்லும், மூன்றாவது அழுதுவிட்டு வந்த மாதிரி இருக்கும். அதையெல்லாம் கவனித்து முடிப்பதற்குள் நாலு பேர் நழுவியிருப்பார்கள். கால்களுக்கு வாய் கிடையாது. அதனால் தலையைக் குனிந்து, உள்ளங்கையில் எண் காட்டும் கிளிக்கரை வைத்துக்கொண்டு, ஒரு ஜோடிக் கால் பலகையைத் தாண்டினால் கட்டைவிரலால் ஒரு அமுக்கு. கடைசி ஆள் தாண்டும்வரை தலையைத் தூக்கக் கூடாது. இருபத்திரண்டு வருடம் அவள் பார்த்த வேலை இதுதான். பயணிகள் அவளை எண்ணிக்கையக்கா என்று கூப்பிட்டார்கள். அவர்களில் பாதிப் பேரின் முகம் அவளுக்குத் தெரியாது. செருப்பைச் சொன்னால் ஆளைச் சொல்லிவிடுவாள்.

பிறகு பாலம் வந்தது. பாலத்தைத் திட்டி ஆவதென்ன? மகள் வீட்டுக்குப் போக அவளே அதில்தான் பஸ் ஏறுகிறாள். படகில் முக்கால் மணி நேரம் பிடித்த அக்கரை, பஸ்ஸில் ஒன்பது நிமிடத்தில் வந்துவிடுகிறது என்றால் யார் வந்து துறையில் காத்துக் கிடப்பார்கள்? ஓடிக்கொண்டிருந்த மூன்று படகுகளையும் காற்றடிக்காத உப்பங்கழிக்குள் கொண்டுவந்து பக்கத்தில் பக்கத்தில் கட்டினார்கள். படகு என்றதும் துடுப்பு நினைவுக்கு வர வேண்டாம். ஒவ்வொன்றும் இரண்டு தளமும், கீழ்த்தளத்தில் மட்டும் நூற்றெண்பது இருக்கைகளும் கொண்ட இரும்புப் படகு. பெரியவள், நடுவிலவள், சின்னவள் என்று ஊரே அவற்றைப் பெண்பிள்ளைகளாக்கி வைத்திருந்தது. தற்காலிகமாக நிறுத்தி வைக்கிறோம் என்றார்கள். அந்தத் தற்காலிகம் பதினோரு வருடம் நீண்டது.

ஓடாத படகு சும்மா கிடக்கும் என்று நினைத்தால் அது பெரிய தப்பு. ஓடுகிற படகைவிட நின்ற படகுக்குத்தான் தீனி அதிகம். தினமும் அடியில் ஊறும் தண்ணீரை இறைக்க வேண்டும், வாரம் ஒருமுறை என்ஜினை ஓட்டிப் பார்க்க வேண்டும், கயிற்றைத் தளர்த்தி இறுக்க வேண்டும். இதற்கென்று அலுவலகம் பகலுக்கு இரண்டே பேரை வைத்துக்கொண்டது. ஒருவர் என்ஜின்காரர். வாயைத் திறந்தால் கிண்டல், மூடினால் பீடி. இன்னொருத்தி இவள். மற்றவர்கள் எல்லாம் கிடைத்ததை வாங்கிக்கொண்டு வேறு வேலைக்குப் போனபோது, இவள் மட்டும் அலுவலகத்துக்கு நாலு தடவை நடந்து, கெஞ்சி, இந்தக் காவலை வாங்கிக்கொண்டாள். அக்காவுக்குப் படகு என்றால் உயிர் என்று பேசிக்கொண்டார்கள். அவளும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

முதல் இரண்டு வருடம் வர்ணம் அடிக்க ஆள் வந்தான். மூன்றாம் வருடம் வர்ணம் மட்டும் வந்தது. அதன் பிறகு இரண்டும் வரவில்லை. பெரியவளின் பம்ப் பழுதானதும் அலுவலகம் புதிது தர மறுத்தது. நடுவிலவளின் பம்பைக் கழற்றிப் பெரியவளுக்குப் போட்டார் என்ஜின்காரர். நடுவிலவளுக்குத் தண்ணீர் ஏற ஆரம்பித்ததும் சின்னவளுடையதைக் கழற்றி அவளுக்கு. இப்படி ஒருத்தியின் குடலை உருவி இன்னொருத்திக்கு வைத்ததில், மூவரும் எப்படியோ மிதந்தார்கள். மணியைத் திருடிக்கொண்டு போனார்கள். உயிர்காப்பு வளையங்கள் ஏதோ ஓட்டல் சுவரில் தொங்குவதாகக் கேள்வி.

மூன்று வருடத்துக்கு முன் பெரியவளை எடுத்துக்கொண்டு போனார்கள். போன வருடம் நடுவிலவளை. தூர தேசத்துக்கு ஒன்றும் இல்லை, கழி வாய்க்கு வெளியே எதிரில் தெரியும் சேற்றுத் திட்டில்தான் உடைக்கிற இடம். கடல் பொங்கி வெள்ளம் ஏறும் நேரத்தில் இழுத்துக்கொண்டு போய்ச் சேற்றில் ஏற்றிவிட்டு, தண்ணீர் வடிந்ததும் மூக்கிலிருந்து வெட்ட ஆரம்பிப்பார்கள். இங்கிருந்து எல்லாம் தெரியும். பெரியவளின் முன்பாதி போன பிறகும் அவளுடைய மாடிப்படி மட்டும், மேலே தளம் இல்லாமல், ஆகாயத்தைப் பார்த்தபடி ஒரு வாரம் நின்றது. அங்கே ஒருவன் சம்மட்டியை ஓங்கி அடிப்பது கண்ணுக்குத் தெரியும். சத்தம் வராது. அவன் மறுபடி ஓங்கும்போதுதான் முந்தைய அடியின் சத்தம் தண்ணீரைத் தாண்டி வந்து சேரும். அவளுக்கு அதைப் பார்க்கவே பிடிக்காது. அடித்தவன் ஒருவன், சத்தம் போடுகிறவன் வேறொருவன் என்று தோன்றும்.

பயணிகள் இறங்கியதும் எண்ணிக்கைக்காரர்கள் செய்ய வேண்டிய வேலை இன்னொன்று உண்டு. ஒவ்வொரு தளத்திலும் நின்று, "கரை வந்தாச்சு, யாராச்சும் இருக்கீங்களா?" என்று மூன்று முறை குரல் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் மனத்துக்குள் பத்து எண்ணும்வரை காத்திருக்க வேண்டும். தூங்கிப் போனவர்களுக்கும் குடித்துவிட்டுச் சாய்ந்தவர்களுக்கும் ஏற்பட்ட வழக்கம். படகு நின்ற பிறகும் அவள் அதை விடவில்லை. தினமும் காலையில் ஆளில்லாத கீழ்த்தளத்தில் நின்று மூன்று முறை கூப்பிட்டாள், மூன்று முறை பத்து எண்ணினாள்.

"வௌவாலுக்கெல்லாம் டிக்கெட் குடுத்திருக்கியா தங்கச்சி?" என்பார் என்ஜின்காரர்.

"உங்களுக்குக் குடுத்த மாதிரிதான் அண்ணே, ஓசியில" என்பாள்.

ஆனால் அவர் கிண்டல் செய்யாத விஷயம் ஒன்று இருந்தது. கீழ்த்தளத்து இருக்கைகள் சினிமாக் கொட்டகை மாதிரி. ஆள் எழுந்தால் ஸ்பிரிங் இழுத்துத் தானாக மடங்கிக்கொள்ளும். காலையில் அவள் உள்ளே போனால் நூற்றெழுபத்தொன்பது இருக்கைகள் மடங்கி நிற்கும். சின்னவளின் இடது பக்கம், மூன்றாம் வரிசை, ஜன்னலோர இருக்கை மட்டும் விரிந்திருக்கும். யாரோ உட்கார்ந்திருப்பது போல. அவள் மடக்கிவிடுவாள். மறுநாள் விரிந்திருக்கும். ஸ்பிரிங் செத்துவிட்டது என்று சொல்லி, என்ஜின்காரர் நடுவிலவளிலிருந்து புது ஸ்பிரிங் ஒன்றைக் கழற்றி வந்து மாட்டினார். கையை வைத்து அழுத்தினால் பட்டென்று முகத்தில் அடிக்கும் அளவுக்கு முறுக்கு. மறுநாள் காலை அந்த இருக்கை விரிந்திருந்தது. அவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அந்தப் பக்கமே போவதில்லை. ராத்திரிக் காவலாளியோ வந்த மூன்றாம் நாளிலிருந்தே கீழ்த்தளத்தில் காலை வைப்பதில்லை.

அது யாருடைய இருக்கை என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் காவலைக் கெஞ்சி வாங்கினாள்.

அவளுடைய கணவன் வீடுகளுக்கு வர்ணம் அடிக்கிறவன். அக்கரையில் வேலை, இக்கரையில் வீடு. மாலை நாலு பத்துப் படகில், அதாவது சின்னவளில், ஏறினால் கீழ்த்தளம், இடது பக்கம், மூன்றாம் வரிசை, ஜன்னலோரம். வேறு இடத்தில் உட்கார்ந்தால் அவனுக்கு ஊர் வந்து சேராது. என்ன தேய்த்துக் குளித்தாலும் வலது கால் கட்டைவிரல் நகத்தில் மட்டும் வெள்ளைப் பெயின்ட் போகாது. "நீ காலத்தானே பாக்குற, அடையாளத்துக்கு இருக்கட்டும்" என்பான். பதினெட்டு வருடத்துக்கு முன், மகளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, ஒரு நாள் அவன் வீடு வந்து சேரவில்லை.

ஊருக்குத் தெரிந்த கதை இவ்வளவுதான்: அன்று நாலு பத்துப் படகில் அக்கரையிலிருந்து ஏறியவர்கள் இருநூற்று நாலு, இக்கரையில் இறங்கியவர்கள் இருநூற்று நாலு. ஏட்டில் அப்படித்தான் இருந்தது. ஆக, ஆள் இறங்கியிருக்கிறான். இறங்கியவன் வீட்டுக்கு வரவில்லை என்றால் என்ன அர்த்தம்? விசாரித்த அதிகாரி நோட்டை மூடிவிட்டு, வீட்டில் ஏதாவது சண்டையா என்று கேட்டார். அதன் பிறகு மகள், ஓடிப்போனவனின் பெண்ணாக வளர்ந்தாள். பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள், பெண் பார்க்க வந்தவர்கள் கேட்டார்கள். அப்பாவின் ஒரே போட்டோவை அவள் பதினாலு வயதில் தன் கையாலேயே சட்டத்திலிருந்து கழற்றினாள்.

அவளுக்கு மட்டும் தெரிந்த கதை வேறு. அன்று அவளுடைய கிளிக்கர் காட்டியது இருநூற்று மூன்று.

எண் இடித்தால் படகை நிறுத்தி, தளம் தளமாகத் தேடி, ரோந்துப் படகுக்குச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். ஆனால் ஒன்று குறைவதும் ஒன்று கூடுவதும் வாரத்துக்கு இரண்டு முறை நடக்கிற காரியம். விரல் வழுக்கும், குழந்தையைத் தோளில் தூக்கியவர்களை ஒருவராக எண்ணிவிடுவார்கள். அதற்காகப் படகை ஒரு மணி நேரம் நிறுத்தினால், ஏறக் காத்திருக்கும் கூட்டம் கத்தும், ஓட்டுகிறவர் மூஞ்சியைத் தூக்கிக்கொள்வார். ஆகவே இரண்டு கரையிலும் எல்லோரும் செய்வது ஒன்றே. அக்கரை எண்ணைப் பார்த்து இக்கரை எண்ணைச் சரிக்கட்டிவிடுவார்கள். அன்றைக்கு அவளும் சரிக்கட்டினாள். மூன்றை நாலாக எழுதினாள். கூட்டம் நெருக்கியதால் கீழ்த்தளத்துக்குப் போய்க் குரல் கொடுக்கவும் இல்லை. ராத்திரி எட்டு மணிக்கு அக்கரை எண்ணிக்கைக்காரரிடம் கேட்டபோது அவர், "எனக்குக் குரல் குடுத்துட்டுத்தானேம்மா நாலு பத்துல ஏறினாரு" என்றார். அதற்குள் நீரோட்டம் திரும்பியிருந்தது; தண்ணீரில் விழுந்தவன் எங்கேயோ போயிருப்பான். எண்ணைத் திருத்திவிட்டேன் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். வேலை போய்விடும், வளர்க்க ஒரு பிள்ளை இருக்கிறது என்று பயந்தாள். பயம் தெளிந்தபோது சொல்வதற்கான நாள் கடந்துவிட்டது.

அன்றைக்குத் தாண்டிய இருநூற்று மூன்று ஜோடிக் கால்களையும் அவள் எத்தனையோ முறை மனத்தில் ஓட்டிப் பார்த்திருக்கிறாள். வெள்ளைப் பெயின்ட் பட்ட நகம் அவற்றில் இல்லை.

இப்போது சின்னவளின் முறை. இன்று பகல் பன்னிரண்டரைக்கு வெள்ளம் முழுசாக ஏறும். அப்போது இழுத்துக்கொண்டு போவார்கள். அதற்கு முன் ஒரு காகிதத்தில் அவள் கையெழுத்துப் போட வேண்டும். நடுவிலவளை உடைக்கக் கொண்டுபோனபோது, இரும்பு திருட ஏறிய ஒருவன் உள்ளேயே தூங்கிப்போய், வெட்டும் நெருப்பின் சத்தம் கேட்டு அலறிக்கொண்டு ஓடி வந்தானாம். அதிலிருந்து புது விதி. கடைசிச் சுற்றுக்கு எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் இறங்கினார்கள், உள்ளே யாரும் இல்லை என்று காவலில் இருந்தவர் எழுதித் தர வேண்டும்.

உள்ளே யாரும் இல்லை. அந்த வரியை நினைத்துத்தான் அவள் மூன்று ராத்திரி தூங்கவில்லை. ஒருமுறை பொய் எண் எழுதி அவனை ஓடிப்போனவன் ஆக்கியாயிற்று. இன்னொரு பொய்யை எழுதி அவன் இருக்கும்போதே வெட்டக் கொடுப்பதா?

காலையில் மகள் வந்தாள். துறையறையில் இருந்த அம்மாவின் சாமான்களைக் கட்டி, இன்றோடு தன் வீட்டுக்கே அழைத்துப் போவதாக ஏற்பாடு. மகள் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். கை வேகம், வாய் அதைவிட வேகம். ஏடுகளை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டே, "இந்தக் குப்பையையும் சீதனமா கொண்டு வரப் போறியா?" என்றாள்.

அவள் அந்தப் பழைய ஏட்டை எடுத்துப் பக்கத்தைப் பிரித்து மேஜைமேல் வைத்தாள்.

"இந்த நாலு, நான் போட்ட நாலு" என்றாள். "மூணுதான் இறங்குச்சு. சரிக்கட்டிட்டேன்."

மகளுக்கு முதலில் புரியவில்லை. தேதியைப் பார்த்தாள். பிறகு கையில் இருந்த கயிறு தரையில் விழுந்தது.

"உங்கப்பா ஓடிப் போகல" என்றாள் அவள். "இறங்கவே இல்ல."

மகள் அந்த எண்ணின்மேல் விரலை வைத்தாள். சேற்றுத் திட்டில் சம்மட்டி எழுந்து விழுந்தது. சத்தம் பின்னால் வந்தது.

"பதினெட்டு வருஷம் ஏம்மா சொல்லல?"

"சொன்னா என் கையால சாப்பிட்டிருக்க மாட்ட."

"ஆமா, மாட்டேன்" என்றாள் மகள். "அவரத் திட்டித் திட்டியே நான் பெரியவளானேன். அதையெல்லாம் இப்ப எங்க கொண்டுபோய்க் கொட்டுறது?" அவள் எழுந்து வெளியே போய், துறையின் ஓரத்தில் சின்னவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அம்மா பின்னால் போகவில்லை. போவதற்கு முகம் இல்லை.

பதினொன்றரைக்குப் படகை உடைக்க ஒப்படைக்கிற சர்வேயர் வந்தார். காலில் வெந்நீர் கொட்டிக்கொண்டவர் போல ஒரு அவசரம். இழுவைப் படகு ஏற்கெனவே கழி வாயில் உறுமிக்கொண்டிருந்தது. மேல்தளமும் ஓட்டுகிற அறையும் தனக்கு, என்ஜின் அறை என்ஜின்காரருக்கு, கீழ்த்தளம் இவளுக்கு என்று பிரித்துக் கொடுத்தார்.

"பலகையில நின்னு எண்ண யாராவது வேணுமே. ஏறாத ஆளா இருக்கணும்" என்றார்.

யாரும் பதில் சொல்வதற்குள் மகள் வந்து அம்மாவின் முன் கையை நீட்டினாள். முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கிளிக்கரை அந்தக் கையில் வைத்தாள்.

"காலத்தான் பாக்கணும்" என்றாள். "கடைசி ஆளு தாண்டுற வரைக்கும் தலையத் தூக்கக் கூடாது. நான்தான் கடைசி."

"தெரியும். சின்ன வயசுலேருந்து இதத்தானே கேக்குறேன்."

மூன்று பேர் ஏறினார்கள். கிளிக்கர் மூன்று முறை சொடுக்கியது. மகள் எண்ணைக் காட்ட, சர்வேயர் காகிதத்தில் மூன்று என்று எழுதிக்கொண்டு, எண்ணைப் பூஜ்யத்துக்குத் திருப்பச் சொன்னார்.

கீழ்த்தளத்துக்கு இறங்கும் எட்டுப் படிகள் அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டும் தெரியும். இன்றைக்கு ஒவ்வொரு படியிலும் நின்றாள். காலையில் அவள் இங்கே வரவில்லை. வந்தால் அந்த இருக்கையைப் பார்க்க வேண்டும், பார்த்தால் கையெழுத்துப் போட முடியாது என்று தள்ளிப்போட்டிருந்தாள். உள்ளே துருவும் பழைய டீசலும் கலந்த வாடை. ஜன்னல்களில் படிந்த உப்பின் வழியாக வெயில் அழுக்குத் துணி மாதிரி விழுந்திருந்தது. பம்பை நிறுத்திவிட்டதால், அடியில் தண்ணீர் ஊறும் சத்தம் தெளிவாகக் கேட்டது. வரிசை வரிசையாக இருக்கைகள் மடங்கி நின்றன. இடது பக்கம் திரும்ப அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. திரும்பாமலே குரல் கொடுத்தாள்.

"கரை வந்தாச்சு. யாராச்சும் இருக்கீங்களா?"

பத்து எண்ணினாள். மேலே சர்வேயரின் பூட்ஸ் ஒரு கதவிலிருந்து இன்னொரு கதவுக்குப் போனது.

"கரை வந்தாச்சு. யாராச்சும் இருக்கீங்களா?"

இரண்டாம் பத்தில் ஆறு வரை வந்தபோது அடித் தண்ணீரின் சத்தம் நின்றது. நின்றபோதுதான் அது எவ்வளவு பெரிய சத்தம் என்று தெரிந்தது. மூன்றாவது முறை விதியில் இருக்கும் வாசகம் வரவில்லை. பதினெட்டு வருடமாகத் தொண்டையில் நின்றது வந்தது.

"நாந்தாங்க. அன்னைக்கு வந்து கூப்பிடல, தப்பு பண்ணிட்டேன். பிள்ளைகிட்டச் சொல்லிட்டேன். அவ மேல நிக்குறா. இறங்கிருங்க."

ஒன்று, இரண்டு, மூன்று. முதுகுக்குப் பின்னால், இடது பக்கம், ஸ்பிரிங் இழுத்து ஒரு இருக்கை பட்டென்று மடங்கிய சத்தம் கேட்டது.

அவள் திரும்பவில்லை. பயம் என்று சொன்னால் பாதி உண்மை. மீதிப் பாதி, திரும்பிப் பார்த்து அங்கே ஒன்றுமில்லை என்றால் அதைத் தாங்க முடியாது என்பதுதான். கண்ணை மூடிக்கொண்டு மீதி ஏழையும் எண்ணினாள். எண்ணிக்கொண்டிருக்கும்போதே படி ஒவ்வொன்றாக முனகியது. அதன் பிறகு இறங்கு பலகை ஒருமுறை அசைந்தது. சர்வேயராக இருக்கலாம், என்ஜின்காரராகவும் இருக்கலாம்.

பத்து முடிந்ததும் கண்ணைத் திறந்து இடது பக்கம் பார்த்தாள். மூன்றாம் வரிசை, ஜன்னலோர இருக்கை மடங்கியிருந்தது. பக்கத்தில் போய், கையை வைத்து அமுக்கி விட்டாள். பட்டென்று மூடிக்கொண்டது. அடியில் மறுபடி தண்ணீர் ஊற ஆரம்பித்திருந்தது.

அவள் மேலே வந்து பலகையில் இறங்கினாள். என்ஜின்காரர் துறையில் குனிந்து கயிற்று முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். சர்வேயர் திரும்பி நின்று இழுவைப் படகுக்காரனிடம் போனில் கத்திக்கொண்டிருந்தார். மகள் குனிந்த தலை நிமிராமல் நின்றிருந்தாள். அம்மாவின் கால் தாண்டியதும் கிளிக்கர் சொடுக்கியது. அதற்குப் பிறகுதான் மகள் தலையைத் தூக்கினாள். முகம் வெளிறியிருந்தது.

"எத்தனை?" என்றார் சர்வேயர், போனைக் கையால் பொத்திக்கொண்டு.

"நாலு" என்றாள் மகள்.

"மூணுங்க. நாம மூணு பேருதானே ஏறினோம்? உங்க கண்ணு முன்னாலதானே எழுதினேன்."

"நாலு பேரு இறங்கினாங்க" என்றாள் மகள். கிளிக்கரை நீட்டிக் காட்டினாள். "முதல்ல என்ஜின்கார மாமா. அப்புறம் உங்க பூட்ஸ். அப்புறம் ஒருத்தர். அப்புறம் அம்மா."

"அது யாரு ஒருத்தர்?"

மகள் அவரை விட்டுத் திரும்பினாள். அம்மாவைப் பார்த்தாள். காலையிலிருந்து இப்போதுதான் பார்க்கிறாள்.

"செருப்பு இல்லம்மா. ஈரக் காலு" என்றாள் மெதுவாக. "வலது கட்டைவிரல் நகத்துல வெள்ளையா..." கிளிக்கரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "தலையத் தூக்கணும்னு உயிரே போச்சு. கடைசி ஆளு நீ இன்னும் வரலியே. தூக்கக் கூடாதுன்னு சொன்னியே" என்றாள்.

அம்மாவைத் தேற்றுவதற்காகப் பிள்ளை பொய் சொல்கிறாளா என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றத்தான் செய்தது. அந்த நகத்தை மகளுக்கும் தெரியுமே. அவள் குனிந்து பலகையைப் பார்த்தாள். உச்சி வெயிலில் மரம் காய்ந்து கிடந்தது. நடுவில் குதிகால் அளவுக்கு ஒரு ஈரம், ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டிருந்தது. சர்வேயரும் அதைப் பார்த்துவிட்டார்.

"பம்ப் குழாய் ஒழுகியிருக்கும் சார்" என்றார் என்ஜின்காரர். பம்ப் நின்று ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. சொல்லிவிட்டு, கயிற்றைச் சுருட்டிக்கொண்டு பலகையைக் கடந்தபோது அந்த ஈரத்தை மிதிக்காமல் சுற்றிக் காலை வைத்தார்.

சர்வேயர் கடிகாரத்தைப் பார்த்தார். "கை தவறி ஒண்ணு கூட அமுக்கியிருப்பாங்க, சகஜம்தான். மூணுன்னு போட்டுக் கையெழுத்துப் போடுங்கம்மா. ஏறினதும் இறங்கினதும் சரியா இருந்தாத்தான் வாங்குவாங்க."

காகிதத்தைத் துறையறை ஜன்னல் விளிம்பில் வைத்துக்கொண்டாள். ஏறியவர்கள் என்ற இடத்தில் மூன்று என்று ஏற்கெனவே இருந்தது. இறங்கியவர்கள் என்ற இடம் காலியாக இருந்தது. பேனாவை அந்த இடத்துக்கு நேராகப் பிடித்தாள். அன்றைக்கும் இப்படித்தான் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு யோசிக்காமல் எழுதிவிட்டாள்.

நாலு என்று எழுதினாள். ஒருமுறை எண்ணாலும் ஒருமுறை எழுத்தாலும்.

"என்னம்மா இது, ஏறினவங்களவிட இறங்கினவங்க ஜாஸ்தியா?"

"குறைஞ்சாத்தான் சார் தேடணும்" என்றாள். "கூடினா உங்களுக்கு என்ன நஷ்டம்?"

கீழே, உள்ளே யாரும் இல்லை என்ற வரிக்கு நேராகத் தன் பெயரை எழுதினாள். சர்வேயர் ஏதோ முணுமுணுத்தார். ஆனால் வெள்ளம் அவருக்காகக் காத்திருக்காது. காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இழுவைப் படகுக்குக் கையை ஆட்டினார்.

சின்னவள் துறையை விட்டு விலகினாள். கழியின் வாயைத் தாண்டும்வரை என்ஜின்காரர் பீடி பற்றவைக்காமல் நின்றார். அவள் அதைப் பார்க்க நிற்கவில்லை. சாமான் மூட்டையில் ஒரு பக்கத்தை மகள் பிடித்துக்கொண்டாள், மறு பக்கத்தை அவள் பிடித்துக்கொண்டாள்.

"உன்ன நான் இன்னும் மன்னிக்கல" என்றாள் மகள்.

"வேணாம். மெதுவா மன்னி" என்றாள் அவள்.

பஸ் நிறுத்தத்துக்குப் போகும் தெருவில் மத்தியானக் கூட்டம். கடையிலிருந்து வருகிறவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், சும்மா நிற்கிறவர்கள். பழக்கத்தில் அவள் தலை தாழ்ந்தது. முன்னால் நடந்துகொண்டிருந்த கால்களில் ஒரு ஜோடி தெருத் தூசியில் ஈரம் பதித்துப் போவது போல இருந்தது. அவள் நின்றாள். மகளும் நின்றாள். பிறகு அவள் தலையைத் தூக்கி, எதிரே வருகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டே நடந்தாள்.